காரை எவ்வளவு நேரம் சூடேற்ற வேண்டும்?

காலையில் காரை ஸ்டார்ட் செய்து, பத்து நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிடும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. கார்புரேட்டர் இருந்த பழைய கார்களுக்கு அது தேவைப்பட்டது. இன்றைய கார்களில் எரிபொருள் அளவைச் சென்சார்களே கவனித்துக்கொள்கின்றன. பெரம்பலூர், அரியலூரில் மார்கழிப் பனியிலும் அரை நிமிடம் போதும். அதற்குள் எஞ்சின் ஆயில் பரவிவிடும். பிறகு முதல் இரண்டு, மூன்று கிலோமீட்டர் மெதுவாக ஓட்டினால், ஓட்டத்திலேயே எஞ்சின் சூடாகிவிடும். நின்றபடி ஓடவிட்டால் எரிபொருள்தான் விரயம்.

அதைவிட முக்கியமானது: மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிடக் கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை; உயிரையே பறித்துவிடும். முதலில் காரை வெளியே எடுப்போம். பிள்ளைகளைப் பிறகு ஏற்றுவோம்.