பதிவேற்றத் தடைக்கு யார் பொறுப்பு?

மூடுல் போன்ற இணையவழிக் கற்றல் தளத்தில் பெரிய கோப்பைப் பதிவேற்ற இயலாதபோது, பழி பெரும்பாலும் மாணவரின் இணைய இணைப்பின் மீதே விழுகிறது. ஆனால், தடை பல அடுக்குகளில் இருக்கக்கூடும். அத்தளம் இயங்கும் பிஎச்பி மொழியின் இயல்பு அமைப்பில் ஒரு கோப்புக்கு 2 எம்.பி.யும், ஒருமுறை அனுப்பும் மொத்தத் தரவுக்கு 8 எம்.பி.யுமே வரம்பு. என்ஜின்எக்ஸ் வழங்கியின் இயல்பு வரம்போ 1 எம்.பி.தான், மீறினால் 413 என்ற பிழை எண் தோன்றும். தளம், பாடம், ஒப்படைப்பு ஆகியவற்றுக்கும் தனித்தனி வரம்புகள் உண்டு. இவற்றுள் மிகச் சிறியதே செல்லுபடியாகும் என்பதால், ஒன்றை மட்டும் உயர்த்திப் பயனில்லை.

கெடு நாளில் மதிப்பெண்ணை இழப்பவர் மாணவர். வரம்பை மாற்றும் அதிகாரமோ நிர்வாகியிடம் இருக்கிறது. பருவத் தொடக்கத்திலேயே பெரிய கோப்பொன்றை ஏற்றிச் சோதிப்பது அவரது கடமை.