நலம், நலமறிய ஆவல்

இரண்டாம் உலகப் போரின்போது பட்டாளப் பயிற்சிக்குப் போன எங்கள் ஆரணிக்காரர் ஒருவரின் கடிதங்களை அவர் வீட்டில் படித்தேன். 'நலம், நலமறிய ஆவல்', பணம் வந்ததா, மாடு கன்னு போட்டதா, அவ்வளவுதான். பயம் பற்றி ஒரு எழுத்தில்லை.

வெறும் சம்பிரதாயம்னு ஒதுக்கிவிட முடியாது. ராணுவம் கற்றுத்தந்தது ரோமன் எழுத்தில் உருது. தமிழில் எழுத இன்னொருத்தர் கை வேண்டும். தணிக்கைக்காரன் பார்ப்பான், ஊரில் வாத்தியார் உரக்கப் படிப்பார். இத்தனை பேர் நடுவே எவன் மனசைத் திறப்பான்?

1914இல் பிரான்சுக்குப் போன இந்தியச் சிப்பாய்களின் கடிதங்களில் இன்று லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் எஞ்சியிருப்பவை, பெரும்பாலும் தணிக்கைத் துறை தேர்ந்து ஆங்கிலத்தில் பெயர்த்த துண்டுகள். அதைத்தான் 'சிப்பாயின் குரல்' என்கிறோம்.

ஆரணிக் கடிதங்களை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. மாடு கன்னு போட்டதா என்று மூன்று கடிதத்திலும் கேட்கிறார். மூன்றாவதில் கேள்விதான் முதல் வரி, 'நலம்' அதற்குப் பிறகு.