அச்சுப்பொறிக்கு மூக்கடைப்பு

சென்ற ஜூலையில், கோடை விடுமுறை கழிந்து டில்லி திரும்பியதும், புதிய மாணவர் வரவேற்பு விழாவுக்கு அழைப்பிதழ் அச்சிட முனைந்தோம். நாற்பது தாள்கள் வெளிவந்த பின்புதான் ஒருவர் உற்றுப் பார்த்தார். தலைப்பு வரியில் மெய்யெழுத்துக்களின் புள்ளிகள் அடியோடு மறைந்து, ‘தமிழ்ச் சங்கம்’ என்பது ‘தமிழச சஙகம’ என்று நின்றது. ஓலையில் எழுதிய நம் முன்னோர் பெரும்பாலும் புள்ளி இடுவதில்லை. ஓலை கிழிந்துவிடுமே என்ற அச்சம். நம் சங்கமும் அந்த மரபுக்கே திரும்பிவிட்டது என்று நண்பர்கள் நகைத்தனர்.

நகைப்பு நெடுநேரம் நீடிக்கவில்லை. அச்சிடும் பொறுப்பு என்னுடையது. பௌதிக மாணவன் என்ற துணிவில், அன்றிரவே ஒன்பது முறை ‘கிளீனிங்’ கட்டளை கொடுத்தேன். கறுப்பு மை தீர்ந்தது. தீர்ந்ததை அறியாமல் மேலும் ஓட்டினேன். விடிவதற்குள் பொறியின் தலையே கெட்டுவிட்டது. நம் உறுப்பினர்கள் தத்தம் உதவித்தொகையில் மிச்சம் பிடித்துக் கொடுத்த சந்தாவில் வாங்கிய பொறி அது! அந்தக் கடனில் ஒரு பகுதியையாவது தீர்க்கும் பொருட்டு, நான் காலங்கடந்து கற்றதை இங்கே எழுதுகிறேன்.

இங்க்ஜெட் பொறியின் தலையில் நூற்றுக்கணக்கான நுண்துளைகள் வரிசையாக உள்ளன. நம் தலைமயிரின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்ரான் என்றால், இத்துளையின் அகலம் 20 மைக்ரான் அளவுதான். அதிலிருந்து வரும் துளி சில பிகோலிட்டர். ஒரு துளி 5 பிகோலிட்டர் என்று கொண்டால், 1 மில்லிலிட்டர் மையில் 20 கோடித் துளிகள் இருக்கும். துளிகளை வெளியே தள்ள இரு வழிகள் உண்டு. எப்சன் பொறிகளில், மின்னழுத்தம் பட்டதும் நெளியும் ஒருவகைப் படிகம் மையைப் பிதுக்கித் தள்ளுகிறது. கேனன், எச்.பி. நிறுவனங்களின் வீட்டுப் பொறிகளிலோ, துளையின் பின்னாலுள்ள நுண்ணிய தகடு கணத்தில் சூடேறி, மையில் ஒரு நீராவிக் குமிழியை எழுப்புகிறது. குமிழி துளியை உதைத்துத் தள்ளுகிறது. 1977-இல் கேனன் ஆராய்ச்சியாளர் இச்சிரோ எண்டோவின் கூடத்தில், மை நிரம்பிய ஊசியின்மேல் சூடான சால்டரிங் அயர்ன் தற்செயலாகப் பட்டபோது மை சீறிப் பாய்ந்ததாம். இம்முறைக்கு அதுவே வித்து என்பர். இவ்வகைத் தலைக்கு மையே குளிர்ச்சி தரும் பொருளும் ஆகும். மையில்லாமல் ஓட்டுவது வெறும் சட்டியை அடுப்பில் வைப்பதற்கு ஒப்பு. நான் செய்தது அதைத்தான்.

சரி, துளை ஏன் அடைக்கிறது? மையில் பெரும்பங்கு தண்ணீர். அது விரைவில் உலராதிருக்கக் கிளிசரின் போன்ற பொருள்களும் சேர்க்கப்படுகின்றன. எனினும் துளையின் வாயில் நிற்கும் மை காற்றுப்பட்டால் தண்ணீரை இழந்து பாகுபோல் இறுகுகிறது. டில்லியின் மே மாதத்தை அறியாதவரா நீங்கள்? 45 டிகிரி வெயிலில் ‘லூ’ என்னும் அனற்காற்று வீசும்போது நம் உதடே வெடிக்கிறது. கடற்காற்றில் ஈரமுள்ள சென்னையைவிட இங்கே மை விரைவாகக் காய்வதில் வியப்பில்லை. இதற்காகவே, பொறியிலுள்ள பொத்தானை அழுத்தி அணைத்தால், தலை தன் மூலைக்குச் சென்று ஒரு ரப்பர் மூடிமேல் அமர்ந்துகொள்கிறது. நாமோ அச்சிட்ட கையோடு சுவர் சுவிட்சைத் தட்டிவிட்டுத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸைப் பிடிக்க ஓடினோம். தலை நடுவழியில், வாய் திறந்தபடி, இரண்டு மாதம் நின்றது.

அடைப்பு நேர்ந்தால் முதலில் ‘நாசில் செக்’ தாள் இரண்டு எடுத்து ஒப்பிடுங்கள். கோடுகள் ஒரே இடத்தில் அறுந்திருந்தால் அது உறைந்த மை. இடம் மாறி மாறி அறுந்தால் பெரும்பாலும் காற்றுக்குமிழி; பொறியைச் சும்மா விட்டாலே பாதி குணம் தெரியும். உறைந்த மைக்கு இரண்டு முறை சுத்தம் செய்யலாம். பிறகு ஓர் இரவு பொறுத்திருங்கள். புதிய மை பழைய மையை ஊறவைத்துக் கரைக்கும். காலையில் மீண்டும் ஒருமுறை பாருங்கள். ஒவ்வொரு சுத்தத்தின்போதும் அந்த ரப்பர் மூடி வழியே மை உறிஞ்சப்பட்டு, அடியிலுள்ள கழிவுப் பஞ்சில் சேர்கிறது. பஞ்சு நிரம்பினால் பொறி வேலைநிறுத்தம் செய்துவிடும்!

தலையும் மைக்கூடும் ஒன்றாயுள்ள கார்ட்ரிட்ஜ் என்றால் கழற்றிவிடலாம். பஞ்சு பிரியாத துணியை வெதுவெதுப்பான வாலைவடிநீரில் நனைத்து, அதன்மேல் துளைகள் படும்படி சில நிமிடம் வையுங்கள். செப்புத் தொடுமுனைகள் நனையலாகாது. விடுதிக் குழாய்நீர் வேண்டவே வேண்டாம்; அதன் உப்பு புதிய அடைப்பாகும். ஊசியால் குத்துவது கொலைக்குச் சமம். சாராயக் கரைசல் ஊற்றச் சொல்லும் நண்பர்களையும் நம்பிவிடாதீர்கள். நிறமித் துகளுள்ள சில மைகள் எலுமிச்சை பட்ட பால்போல் திரியக்கூடும். இரண்டு மூன்று நாளில் குணம் தெரியாவிட்டால் நிறுத்துங்கள். கார்ட்ரிட்ஜில் தலை உண்டென்றால் புதியது வாங்கினால் போதும். தலை பொறியோடு பொருந்தியதென்றால், புதுத் தலையின் விலையை முதலில் கேளுங்கள். சில வேளை அது புதுப் பொறியின் விலையை நெருங்கும்.

புதிது வாங்குவோர் நேரு பிளேசில் இறங்கியதும் விலையைத்தான் கேட்கிறோம். எத்தனை நாளுக்கு ஒருமுறை அச்சிடுவோம் என்று நம்மையே கேட்டுக்கொள்வதில்லை. மலிவான கார்ட்ரிட்ஜ் பொறியின் கதை ‘சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்’தான். 2010-இல் எப்சன் கொண்டுவந்த வகையைச் சேர்ந்த மைத்தொட்டிப் பொறிகளில் தாளுக்குச் செலவு மிகக் குறைவு. ஆனால் அது கறவை மாடு. நாள்தோறும் கறப்பவருக்கே ஏற்றது. வண்ண வரைபடங்கள் நாடோறும் எடுக்கும் ஆராய்ச்சி மாணவர் தயங்காமல் வாங்கலாம். வாரம் ஒருமுறையேனும் எல்லா வண்ணமும் படிய ஒரு தாள் அச்சிட வேண்டும்.

மாதம் இருமுறை அச்சிடும் நம் சங்கத்துக்கு நான் சொல்வது கறுப்பு வெள்ளை லேசர். அதில் மையே இல்லை. டோனர் என்பது பிளாஸ்டிக் கலந்த பொடி. காய்வதற்கு அதில் ஈரம் ஏது? 1938 அக்டோபர் 22-இல் செஸ்டர் கார்ல்சன் நியூயார்க்கின் அஸ்டோரியாவில், கந்தகம் பூசிய தகட்டைத் துணியால் தேய்த்து மின்னேற்றி, அதன்மேல் பொடி தூவி எடுத்த முதற்படியின் வழித்தோன்றல் இது. மின்னேற்றம் பொடியை ஈர்க்கிறது. 200 டிகிரி அளவிலான சூடு அதைத் தாளில் உருக்கி ஒட்டுகிறது. அந்தச் சூட்டுக்கு ஒரே மூச்சில் மிகுந்த மின்சாரம் வேண்டும். ஆகையால் சிறிய யு.பி.எஸ்.ஸில் இணைக்கலாகாது. புதுப் பொறியோடு வரும் டோனர் பல வேளை முழு அளவு இராது. அதையும் கடையில் கேட்டுவிடுங்கள். பொங்கல் விழாப் படங்களுக்கு வண்ணம் வேண்டுமே என்பீர்கள். ஆண்டுக்கு ஒருமுறை கடைக்குச் செல்வதால் நாம் ஏழையாகிவிட மாட்டோம்.

அந்த நாற்பது அழைப்பிதழ்களுக்கும் நாங்கள் நால்வர் அமர்ந்து பேனாவால் புள்ளியிட்டோம். மீதியை வளாக வாசலிலுள்ள ஜெராக்ஸ் கடையில் எடுத்தோம். உங்களுக்கு வந்ததில் எங்கேனும் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தால், அது பொறியின் பிழை அன்று. தூக்கக் கலக்கத்தில் இருந்த என்னுடையது.