பளிங்குச் சோப்பு

சென்ற பொங்கலுக்கு விடுதி நண்பர்களுக்குப் பரிசளிக்கச் சோப்புக் காய்ச்சினேன். சிவப்பு வருமென்று பீட்ரூட் சாறு ஊற்றினேன். வந்ததோ சேற்று நிறம்! காஸ்டிக் சோடாவின் காரம் அச்சாயத்தைச் சிதைத்துவிட்டது. மஞ்சளோ காரத்தில் சிவக்கும்; குங்குமம் பிறப்பது அப்படித்தானே? மறுமுறை மஞ்சள் பொடியை எண்ணெயில் ஊறவைத்து வடிகட்டினேன்; செம்பொன் நிறம் கிட்டியது. வெயில் பட்டால் மட்டும் வெளிறும்.

தெளிவுக்கு வழி வேறு. சோப்பு உறையும்போது தோன்றும் நுண்படிகங்கள் ஒளியைச் சிதறடிப்பதாலேயே அது மங்கித் தோன்றுகிறது. காய்ச்சி முடித்த சோப்பில் ஆல்ககால், கிளிசரின், சர்க்கரைப் பாகு சேர்த்தால் படிகங்கள் வளரா, ஒளி ஊடுருவும். ஆல்ககால் எளிதில் தீப்பற்றும். ஆகவே அடுப்பை அணைத்துவிட்டு, வெந்நீர்ப் பாத்திரத்துள் வைத்தே கரைத்திடுக.

சேற்றுச் சோப்பைப் பொறுத்த நண்பர்காள், அடுத்த பொங்கலுக்குப் பளிங்குச் சோப்பு உறுதி!