பாட்டி கையில் எந்த ரிமோட்?

தீபாவளி, பொங்கல் நெருங்கினால் துணிக்கடைக்கு அடுத்தபடியாகக் கூட்டம் நிற்கும் இடம் டிவி ஷோரூம். 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டதால், 43 அங்குலம், 55 அங்குலம் என்று யோசிப்பதும் நடுத்தரக் குடும்பங்களுக்குக் கொஞ்சம் எளிதாகியிருக்கிறது. கடைக்குப் போவது மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளும். அந்த டிவியின் முன்னால் பகலெல்லாம் உட்காரப்போகும் பாட்டியோ தாத்தாவோ வீட்டில் இருக்கிறார்கள். “உங்களுக்கு என்ன வசதி வேணும்?” என்று அவர்களிடம் யாரும் கேட்பதில்லை.

ஸ்மார்ட் டிவி வாங்குவது பற்றி எத்தனையோ ஆலோசனைகள் கிடைக்கின்றன. பேனல் எது, பிராசஸர் எது, மெமரி எவ்வளவு என்று பட்டியல் நீளும். கேபிள் பாக்ஸும் ஓடிக்கொண்டிருக்கிற ஒரு தமிழ் வீட்டில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுவல்ல. வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் பெரியவர்கள் தாங்களாகவே டிவியைப் போட்டு, தங்கள் சேனலைப் பார்த்து, அணைக்க முடியுமா? டிவியைத் தேர்ந்தெடுப்பதும் இணைப்பதும் இந்தக் கேள்விக்கான பதிலில்தான் இருக்கின்றன.

“டிவி ரிப்பேர் ஆயிடுச்சுப்பா”

சென்னையில் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15 அன்று. அன்றைக்கு இருபது வயதில் இருந்தவர்களுக்கு இன்று எழுபதைத் தாண்டிவிட்டது. மொட்டை மாடி ஆன்டெனாவைத் திருப்பியவர்கள், கேபிள் வந்தபோது நம்பர் பார்த்துச் சேனல் மாற்றப் பழகியவர்கள், செட்டாப் பாக்ஸ் வந்தபோது இரண்டாவது ரிமோட்டையும் சமாளித்தவர்கள் இவர்கள். புதுப் பொருளைக் கண்டு மிரளும் தலைமுறை என்று இவர்களைச் சொல்வது அநியாயம். பழைய டிவிகள் எல்லாவற்றிலும் ஒரு பொதுவான நன்மை இருந்தது. சுவிட்சைப் போட்டால் நிகழ்ச்சி ஓடும்.

ஸ்மார்ட் டிவி அப்படியில்லை. போட்டதும் செயலிகளும் விளம்பரங்களும் நிறைந்த ஒரு முகப்புப் பக்கம் விரியும். பேத்தி மதியம் ஒரு செயலியில் கார்ட்டூன் பார்த்துவிட்டு அப்படியே அணைத்திருப்பாள். மாலை ஆறரைக்கு சீரியல் பார்க்க உட்காரும் பாட்டி கேபிள் ரிமோட்டை அழுத்துவார். பாக்ஸ் தன் பாட்டுக்குச் சேனலை மாற்றிக்கொண்டிருக்கும். திரையில் எதுவும் மாறாது. டிவி ரிமோட்டில் ‘சோர்ஸ்’ அழுத்தி, வரும் பட்டியலில் எச்.டி.எம்.ஐ. 1 வரை இறங்கி, ஓகே கொடுக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. சொல்லியிருந்தாலும், வேகமாக ஒரு முறை செய்து காட்டியிருப்பார்கள். மகன் வேலையிலிருந்து வந்ததும், “டிவி ரிப்பேர் ஆயிடுச்சுப்பா” என்பார். மகன் இரண்டே பட்டன்களில் சரிசெய்துவிட்டு, “இதுகூடத் தெரியலையாம்மா?” என்பார்.

என்னை அரிக்கும் கவலை இங்கேதான் தொடங்குகிறது. இந்த வார்த்தையை நாலு முறை கேட்ட பெரியவர்கள் ஐந்தாவது முறை கேட்பதில்லை. டிவி பக்கமே போகாமல் இருந்துவிடுகிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பத்தில் ஒருவருக்கு மேல் அறுபது வயதைக் கடந்தவர்கள். பிள்ளைகள் வேலைக்கும் வெளியூருக்கும் போய்விட்ட வீட்டில், காலையில் கோயில் நேரலையும் மதியம் பழைய படமும் இரவில் செய்தியும்தான் பலருக்குப் பேச்சுத்துணை. நாற்பதாயிரம் ரூபாய் செலவழித்து நாமே அந்தத் துணையைப் பறிப்பது எத்தனை வீடுகளில் நடக்கிறது!

கடையில் ஓடும் படம் வேறு

ஷோரூமில் ஓடுவது டிவிக்கென்றே தயாரித்த 4கே விளம்பரப் படம். கிளியின் இறகு ஒவ்வொன்றும் தெரியும். வீட்டுக்கு வந்து பழைய எஸ்.டி. செட்டாப் பாக்ஸை மாட்டினால் செய்தி வாசிப்பவரின் முகம் கலங்கித் தெரியும். காரணம் எளிய கணக்கு. எஸ்.டி. படத்தில் இருப்பது 720க்கு 576, அதாவது சுமார் 4 லட்சம் புள்ளிகள். 4கே திரையில் இருப்பது 3840க்கு 2160, சுமார் 83 லட்சம் புள்ளிகள். பாக்ஸ் அனுப்பும் ஒரு புள்ளியை டிவி இருபதாக இழுத்து நிரப்ப வேண்டும். திரை பெரிதாகப் பெரிதாகக் குறையும் பெரிதாகும்.

ஆகவே விற்பனையாளரிடம், “ஒரு கேபிள் சேனல் போட்டுக் காட்டுங்க” என்று கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். வீட்டில் பெரும்பாலும் கேபிள்தான் ஓடும் என்றால் 32 அல்லது 43 அங்குலம் போதும். 55 அங்குலம் வாங்கினால் பாக்ஸையும் எச்.டி.க்கு மாற்றிவிடுங்கள். மெனு தமிழில் வருமா, ரிமோட்டில் எழுத்து பெரிதாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள். கண்புரை அறுவை சிகிச்சை செய்துகொண்டவருக்கு இவை சின்ன விஷயங்கள் அல்ல.

டிவியின் பின்புறத்தையும் திருப்பிப் பாருங்கள். எச்.டி.எம்.ஐ. துளைகள் மூன்று இருப்பது நல்லது: கேபிள் பாக்ஸுக்கு ஒன்று, சவுண்ட்பாருக்கு ‘ஏ.ஆர்.சி.’ என்று எழுதிய ஒன்று, நாளைக்கு வாங்கக்கூடிய ஸ்ட்ரீமிங் ஸ்டிக்குக்கு ஒன்று. சில வருடங்களில் டிவியின் மென்பொருள் பழசாகிச் செயலிகள் ஒவ்வொன்றாக நின்றுபோகும். அப்போது புது டிவி தேவையில்லை, ஒரு ஸ்டிக் போதும். சுவரில் மாட்டுவதாக இருந்தால் துளைகள் பக்கவாட்டில் இருக்கும் மாடலாகப் பாருங்கள். நேர் பின்னால் இருந்தால், மாட்டிய பிறகு கைகூட நுழையாது.

வயர் விஷயம்

எச்.டி. பாக்ஸ் என்றால் ஒரே ஒரு எச்.டி.எம்.ஐ. வயர், படம், சத்தம் இரண்டும் அதிலேயே போகும். கேபிள் சேனலுக்குச் சாதாரண வயரே தாராளம். தங்க முலாம் பூசியது, விலை கூடியது எதுவும் படத்தை மாற்றாது. மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஏ.வி. வயர் மட்டுமே உள்ள பழைய பாக்ஸ் என்றால் கவனம் தேவை. புது டிவிகள் பலவற்றில் அந்த மூன்று துளைகள் இல்லை. ஹெட்போன் துளை அளவில் ஒரே ஒரு துளை இருக்கும், அதற்கென்று ஓர் இணைப்பு வயர் வேண்டும். கடைத்தெருவில் கிடைக்கும் எல்லா வயரும் எல்லா டிவிக்கும் பொருந்தாது. உள் இணைப்பு மாறியிருந்தால் படம் வந்து சத்தம் வராது, அல்லது இரண்டும் வராது. டிவியோடு வரும் வயரைப் பத்திரப்படுத்துங்கள்.

இணைத்த பிறகு இரண்டு அமைப்புகளைக் கட்டாயம் பாருங்கள். எச்.டி. பாக்ஸின் மெனுவில் வீடியோ அளவு 576ல் நிற்கிறதா என்று பார்த்து 1080க்கு மாற்றுங்கள். செய்தி சேனலில் கீழே ஓடும் வரி பாதி வெட்டுப்பட்டால், டிவியின் படஅளவு அமைப்பில் முழுத்திரைக்குப் பொருந்தும் தேர்வைக் கொடுங்கள். ஐப்பசி, கார்த்திகை இடிமழைக்கு ஒரு வார்த்தை: பிளக்கைப் பிடுங்கினால் மட்டும் போதாது, பாக்ஸுக்கு வரும் கேபிளையும் கழற்றிவிடுங்கள். மின்னல் அந்த வழியாகவும் வரும்.

ஒரே ரிமோட், ஒரே வழி

முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பல செட்டாப் பாக்ஸ் ரிமோட்களில் டிவிக்கென்று தனியாக நாலைந்து பட்டன்கள் இருக்கும். அவை டிவி ரிமோட்டிடமிருந்து கற்றுக்கொள்ளக்கூடியவை. இரண்டு ரிமோட்களின் முனைகளையும் எதிரெதிரே வைத்து, ‘செட்’ பட்டனை விளக்கு எரியும்வரை அழுத்தி, கற்க வேண்டிய பட்டனையும் கற்பிக்க வேண்டிய பட்டனையும் ஒவ்வொன்றாக அழுத்த வேண்டும். பவர், சத்தம், சோர்ஸ் மூன்றையும் பதிந்துவிட்டால் பெரியவர்களுக்குக் கேபிள் ரிமோட் ஒன்றே போதும். கேபிள்காரரிடம் கேட்டால் ஐந்து நிமிடத்தில் செய்து தருவார். ப்ளூடூத்தில் மட்டும் வேலை செய்யும் டிவி ரிமோட்டிடமிருந்து இப்படிக் கற்க முடியாது; வாங்கும்போதே விசாரித்துவிடுங்கள்.

அடுத்தது, டிவி போட்டதும் எங்கே திறக்க வேண்டும் என்ற அமைப்பு. முகப்புப் பக்கத்துக்குப் பதிலாக எச்.டி.எம்.ஐ. 1ல் திறக்கும்படி பல டிவிகளில் வைக்கலாம். அதன் பெயரையும் ‘கேபிள்’ என்று மாற்றலாம். இந்த வசதி இல்லாத டிவி என்றால் வீட்டில் ஒரு சட்டம் போடுங்கள்: செயலியில் படம் பார்ப்பவர் யாராக இருந்தாலும், அணைக்கும் முன் கேபிளுக்குத் திருப்பி வைத்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். பாக்ஸை டிவிக்குப் பின்னால் ஒளித்து வைக்காதீர்கள். ரிமோட்டின் ஒளி அதன் முகத்தில் பட்டால்தான் சேனல் மாறும்.

சத்தத்தையும் மறக்க வேண்டாம். மெலிந்த டிவிகளில் ஸ்பீக்கர் கீழ்நோக்கி இருப்பதால் பின்னணி இசை முழங்கும், வசனம் முழுங்கப்படும். காது மந்தமானவர் சத்தத்தைக் கூட்டுவார். உள்ளறையில் படிக்கும் பிள்ளை கத்தும். ஒலி அமைப்பில் குரலைத் தூக்கிக் காட்டும் தேர்வு இருந்தால் அதை வையுங்கள், பாதிச் சண்டை குறையும்.

“கேபிளை நிறுத்திவிடுங்கள், எல்லாச் சேனலும் செயலியிலேயே வருகிறதே” என்று சொல்பவர்களும் உண்டு. இளம் தம்பதி மட்டும் இருக்கும் வீட்டுக்கு அது சரிதான். இணையம் நின்றாலும் ஓடுவது கேபிள். நம்பரை அழுத்தினால் வருவது கேபிள். பெரியவர்கள் இருக்கும் வீட்டில் அதை நிறுத்தும் முடிவை அவர்கள்தான் எடுக்க வேண்டும்.

அவர்களையும் கடைக்கு அழைத்துப் போங்கள். முழங்கால் வலி என்றால் ஆட்டோ வைத்தாவது அழைத்துப் போங்கள். பணம் கட்டுவதற்கு முன் ரிமோட்டை அவர்கள் கையில் கொடுத்து, பக்கத்தில் நின்று வாய் திறக்காமல் பாருங்கள். போடவும், சேனலுக்கு வரவும், சத்தத்தைக் குறைக்கவும், அணைக்கவும் அவர்களால் முடிந்தால் பில் போடச் சொல்லுங்கள். முடியாவிட்டால் அந்த டிவி எவ்வளவு தள்ளுபடியில் கிடைத்தாலும் உங்கள் வீட்டுக்கு ஆகாது. அடுத்ததைக் காட்டச் சொல்லுங்கள்.