தொடர்ந்து 14 தடவை சாம்பியன்: ரீகாவின் ஸ்கோன்டோ கிளப்

2004 ஜூன் 19. யூரோ கோப்பையில் ஜெர்மனிக்கும் லாட்வியாவுக்கும் ஆட்டம். நம்ம ஊர் நேரத்துக்கு ராத்திரி ஒன்பதரை மணி. ரெண்டே வருஷத்துக்கு முன்னால் உலகக் கோப்பை இறுதிப் போட்டி வரை போன ஜெர்மனி எத்தனை கோல் போடும் என்பதுதான் எல்லாருக்கும் இருந்த ஒரே கேள்வி. பூஜ்யம். 0-0. லாட்வியாவின் மாரிஸ் வெர்பகோவ்ஸ்கிஸ் தனி ஆளாகப் பந்தை ஓட்டிக்கொண்டு போய் ஜெர்மன் தடுப்பாட்டக்காரர்களைத் திணற அடித்தார். ஒரு தடவை பெனால்டி ஏரியாவுக்குள் விழுந்தார், நடுவர் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று லாட்வியாக்காரர்கள் இன்னைக்கும் பேசுவார்கள்.

அந்த அணி எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் ஆட்டக்காரர், பயிற்சியாளர், சங்கத் தலைவர் என்று எந்த நூலைப் பிடித்து இழுத்தாலும் அது ஒரே கிளப்பில் போய் முடிகிறது. ரீகா நகரத்தின் ஸ்கோன்டோ. 1991 முதல் 2004 வரை 14 வருஷம், ஒரு வருஷம்கூட விடாமல் லாட்விய சாம்பியன். அப்போது ஐரோப்பாவில் எந்த நாட்டு லீகிலும் எந்த கிளப்பும் அப்படித் தொடர்ந்து ஜெயித்ததில்லை. அந்த கிளப் இப்போது இல்லை. எப்படி இல்லாமல் போனது என்பதைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

முதலில் பெயர். ஸ்கோன்டோ என்பது ஊர்ப் பெயரோ தெருப் பெயரோ கிடையாது. இத்தாலியனிலும் ஜெர்மனிலும் வியாபாரிகள் புழங்குகிற சொல். பணத்தைத் தாமதிக்காமல் கட்டினால் பில்லில் குறைக்கிற தள்ளுபடி. சோவியத் காலத்தின் கடைசியில் தனியார் வியாபாரம் தலைதூக்கியபோது லாட்வியாவில் உருவான ஒரு நிறுவனத்தின் பெயர் அது. அதன் தலைவர் குன்டிஸ் இன்ட்ரிக்சன்ஸ். கிளப் அவருடையது.

இது ஏன் முக்கியம் என்றால், சோவியத் யூனியனில் கால்பந்து அணி என்பது தொழிற்சாலையின் ஒரு துறை மாதிரி. யெல்கவா நகரத்து அணியின் பெயர் ராஃப். அந்த ஊரில் வேன் செய்த ஃபேக்டரியின் பெயரும் அதுவே. லியெபாயா நகரத்து அணி மெடலுர்க்ஸ், அதாவது உலோகத் தொழிலாளி. பின்னால் அங்கே இருந்தது உருக்காலை. ஆட்டக்காரருக்குச் சம்பளம் ஆலைக் கணக்கில் போகும். 1991ல் நாடே மாறியபோது இந்த ஆலைகள் ஒவ்வொன்றாகத் தள்ளாட ஆரம்பித்தன. கையில் புதுப் பணம் வைத்திருந்தது ஸ்கோன்டோ மட்டும்தான் என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான். ஆனால் ரொம்பத் தப்பில்லை.

14 பட்டங்களில் முதலாவதைப் பற்றி ஒரு சின்னத் தகவல். 1991 சீசன் தொடங்கும்போது லாட்வியா சோவியத் யூனியனுக்குள் இருந்தது. ஆகஸ்ட் 21ல் சுதந்திரம் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஸ்கோன்டோ ஜெயித்தது அந்தக் குடியரசின் உள்ளூர் லீகை. நாட்டின் பெரிய அணியான டௌகவா, அந்த வருஷம் பார்டௌகவா என்ற பெயரில், சோவியத் இரண்டாம் டிவிஷனில் ஆடிக்கொண்டிருந்தது. கறாராகப் பார்க்கிறவர்கள் அந்த முதல் பட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போடலாம். 1992 முதல் அந்தச் சாக்கும் இல்லை.

பயிற்சியாளர் அலெக்சாண்டர்ஸ் ஸ்டார்கோவ்ஸ் அந்தப் பழைய டௌகவாவில் கோல்களாகக் குவித்த முன்கள ஆட்டக்காரர். தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் ஸ்கோன்டோவை ஏற்றுக்கொண்டு 2004 வரை நடத்தினார். (இந்தப் பெயர்களில் எல்லாம் கடைசியில் ஒரு 'ஸ்' ஒட்டிக்கொண்டிருக்கிறதே என்று கேட்டால், அது லாட்விய இலக்கணம். ஆண்பால் பெயர்ச்சொல் எழுவாயாக வந்தால் பெரும்பாலும் 'ஸ்' வேண்டும். ரஷ்யப் பெயரானாலும் ஆங்கிலப் பெயரானாலும் விடமாட்டார்கள். ஜார்ஜ் புஷ் அங்கே ஜார்ஜ்ஸ் புஷ்ஸ்.)

உள்ளூரில் ராஜாவாக இருப்பது ஒன்று, வெளியே போவது வேறு. 1994ல் யூஃபா கோப்பையில் ஸ்காட்லாந்தின் அபர்டீனைச் சந்தித்தார்கள். ரீகாவில் 0-0, அபர்டீனில் 1-1. வெளியூரில் போட்ட கோலுக்கு மதிப்பு அதிகம் என்ற விதியால் ஸ்கோன்டோ அடுத்த சுற்றுக்குப் போனது. அபர்டீன் ஒரு காலத்தில் ரியல் மாட்ரிட்டைத் தோற்கடித்து ஐரோப்பியக் கோப்பை தூக்கிய கிளப். அங்கே இந்தத் தோல்வி ஆறாத காயம். 1997ல் பார்சிலோனா. ஸ்பெயினில் 3-2 என்று தோற்றார்கள், ரீகாவில் 1-0 என்று தோற்றார்கள். ரெண்டு ஆட்டம் சேர்த்து வித்தியாசம் ரெண்டே கோல். 1999ல் செல்ஸியிடம் லண்டனில் 3-0 என்று தோற்று, ரீகாவில் 0-0 என்று பிடித்து நிறுத்தினார்கள். கௌரவமான தோல்விகள்தான். ஆனால் சாம்பியன்ஸ் லீகின் குரூப் சுற்றுக்குள் ஸ்கோன்டோ ஒரு தடவைகூட நுழையவில்லை. பெரிய பணம் எல்லாம் அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது.

அப்படியானால் இந்தப் பக்கம் இருக்கிறவன் எப்படிப் பிழைப்பது? ஆட்டக்காரரை விற்றுத்தான்.

மரியான்ஸ் பஹார்ஸ் என்று ஒரு சின்ன உருவம். 1999 மார்ச்சில் இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் அவரை 8 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. பிரீமியர் லீகில் ஆடிய முதல் லாட்வியர். அந்த சீசனின் கடைசி நாளில் எவர்டனுக்கு எதிராக சவுதாம்ப்டன் 2-0 என்று ஜெயித்து டிவிஷனில் தங்கியது. ரெண்டு கோலும் பஹார்ஸ் போட்டவை. சில மாதம் கழித்து மான்செஸ்டர் யுனைடெட் மைதானத்திலேயே ஒரு கோல். அவர் பின்னாலேயே இமன்ட்ஸ் ப்ளெய்டெலிஸும் சவுதாம்ப்டன் போனார். 2000ல் தடுப்பாட்டக்காரர் இகோர்ஸ் ஸ்தெபானோவ்ஸ் ஆர்சனலுக்குப் போனார். வெர்பகோவ்ஸ்கிஸ் டைனமோ கீவுக்கு.

இந்த வியாபாரத்தில் பலர் கவனிக்காத ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஐரோப்பிய யூனியனுக்கு வெளியே உள்ள ஆட்டக்காரர் இங்கிலாந்தில் ஆட அப்போது வேலை அனுமதி வேண்டும். அதற்கு, கடைசி ரெண்டு வருஷத்தில் தன் நாட்டு அணியின் போட்டி ஆட்டங்களில் 75 சதவீதத்தில் ஆடியிருக்க வேண்டும் என்பது விதி. லாட்வியா 2004 மே மாதம்தான் யூனியனில் சேர்ந்தது. ஆக, ஒரு லாட்வியரின் விற்பனை மதிப்பு அவர் தேசிய அணியில் எத்தனை ஆட்டம் ஆடினார் என்பதில் தொங்கியது. தேசிய அணியை 2001 முதல் நடத்தியவர் யார்? ஸ்கோன்டோ பயிற்சியாளர் ஸ்டார்கோவ்ஸ். 1996 முதல் 2018 வரை லாட்வியக் கால்பந்து சங்கத்தின் தலைவர் யார்? ஸ்கோன்டோ உரிமையாளர் இன்ட்ரிக்சன்ஸ்.

இதை நான் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. நாட்டின் நல்ல ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் ஸ்கோன்டோவில்தான் இருந்தார்கள். யார் தேர்வு செய்தாலும் அவர்களைத்தான் எடுத்திருப்பார்கள். ஆனால் லீகை நடத்துகிறவரும் லீகில் ஜெயிக்கிறவரும் ஒரே ஆள் என்றால், மத்த கிளப்புகளுக்கு எப்படி இருந்திருக்கும்? நாட்டின் மக்கள்தொகை அப்போது 25 லட்சத்துக்கும் கீழே. இவ்வளவு சின்ன நாட்டில் நம்பர் ஒன் கிளப், நம்பர் ஒன் பயிற்சியாளர், நம்பர் ஒன் பணக்காரப் புரவலர் எல்லாம் ஒரே இடத்தில் சேர்வது ஏறக்குறைய இயற்கை. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு, அதைப் பின்னால் பார்ப்போம்.

முதலில் பலனைப் பார்க்கலாம். ஒரே பயிற்சியாளர் வாரம் முழுக்கப் பழக்கிய ஆட்டக்காரர்களை வைத்து நாட்டு அணி நடத்துவது பெரிய நாடுகளுக்குக் கிடைக்காத வசதி. லாட்விய தேசிய அணி கிட்டத்தட்ட ஒரு கிளப் அணி. எல்லாரும் பின்னால் நிற்பார்கள், பந்து கிடைத்ததும் ரெண்டே பாஸில் வெர்பகோவ்ஸ்கிஸுக்குப் போகும். அழகான ஆட்டம் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒவ்வொருத்தருக்கும் அடுத்தவன் எங்கே நிற்பான் என்று கண்ணை மூடிக்கொண்டு தெரியும். 2003 அக்டோபரில் ஸ்வீடனை அதன் சொந்த மண்ணில் 1-0 என்று ஜெயித்தார்கள். நவம்பரில் தகுதிக்கான கடைசித் தடையாக வந்தது துருக்கி. 2002 உலகக் கோப்பையில் மூன்றாம் இடம் பிடித்த அணி. ரீகாவில், அதுவும் ஸ்கோன்டோ ஸ்டேடியத்தில், 1-0. இஸ்தான்புல்லில் துருக்கி 2-0 என்று முன்னால் போய்விட்டது. அதோடு கதை முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். யூரிஸ் லைசான்ஸ் ஃப்ரீ கிக்கில் ஒன்று போட்டார், வெர்பகோவ்ஸ்கிஸ் இன்னொன்று. 2-2. பால்டிக் நாடுகளில் யூரோ கோப்பைக்குப் போனது இதுவரை லாட்வியா ஒன்றுதான்.

போர்ச்சுகலில் முதல் ஆட்டத்தில் செக் அணிக்கு எதிராக வெர்பகோவ்ஸ்கிஸ் முதல் கோல் போட்டார். கடைசி இருபது நிமிஷத்தில் ரெண்டு வாங்கி 2-1 என்று தோற்றார்கள். அப்புறம் ஜெர்மனி. அன்றைக்குப் பின்வரிசையில் நின்ற ஸ்தெபானோவ்ஸ், 2001ல் ஆர்சனல் மான்செஸ்டரில் 6-1 என்று நொறுங்கிய நாளில் ஆடியவர். இங்கிலாந்துப் பத்திரிகைகள் வருஷக்கணக்கில் அவரைக் கேலி செய்தன. ஜெர்மனியால் அவரைத் தாண்ட முடியவில்லை. கடைசி ஆட்டத்தில் நெதர்லாந்திடம் 3-0, வீட்டுக்குப் போயாச்சு. நடுக்களத்தை நடத்திய விதாலிஸ் அஸ்தாஃப்யேவ்ஸும் ஸ்கோன்டோவில் வளர்ந்தவர்தான். 2010ல் ஓய்வு பெறும்போது நாட்டுக்காக 167 ஆட்டம்; அப்போது அது ஐரோப்பிய சாதனை.

அந்த 2004தான் இந்தத் தொடர் ஓட்டத்தின் கடைசிப் பட்டம். ஸ்டார்கோவ்ஸ் மாஸ்கோவின் ஸ்பார்ட்டக்குக்குப் போனார். 2005ல் லியெபாயாவின் மெடலுர்க்ஸ் சாம்பியன். விசித்திரம் என்னவென்றால், நார்வேயில் 1992 முதல் 13 வருஷம் விடாமல் ஜெயித்துவந்த ரோசன்போர்கின் ஓட்டமும் அதே 2005ல்தான் நின்றது. ஆனால் ரோசன்போர்க் இன்னும் இருக்கிறது. அதற்கு ஒரு ஊர் இருந்தது, உறுப்பினர்கள் இருந்தார்கள். ஸ்கோன்டோவுக்கு இருந்தது ஒரு உரிமையாளர்.

மேலே சொன்ன விலை இதுதான். யார் ஜெயிப்பார் என்று 14 வருஷம் முன்கூட்டியே தெரிந்த லீகுக்கு டிக்கெட் வாங்கி யார் வருவார்? லாட்வியாவில் மக்களின் உயிர் ஐஸ் ஹாக்கி. 2023ல் உலக ஹாக்கியில் வெண்கலம் வாங்கியபோது பாராளுமன்றம் நள்ளிரவில் கூடி மறுநாளைப் பொது விடுமுறை ஆக்கியது. கால்பந்து அந்த மாதிரி ஒரு கூட்டத்தைச் சேர்க்கவில்லை. மைதானத்தில் ஆள் இல்லை என்றால் டிவி பணம் இல்லை, டிவி இல்லை என்றால் விளம்பரம் இல்லை. முதலாளியின் பையை விட்டால் வேறு கதி கிடையாது.

அந்தப் பை 2008க்குப் பிறகு சுருங்கியது. உலக நிதி நெருக்கடி லாட்வியாவை அடித்த மாதிரி ஐரோப்பாவில் அதிக நாடுகளை அடிக்கவில்லை. பாரெக்ஸ் வங்கியை அரசு கையில் எடுக்க வேண்டி வந்தது, 2009ல் பொருளாதாரம் சுமார் 14 சதவீதம் சரிந்தது. 2010ல் ஸ்கோன்டோ பதினைந்தாவது பட்டம் வாங்கியது. அதுவே கடைசி. அப்புறம் சம்பள பாக்கி, கடன், புகார்கள். 2015ல் ஸ்பான்சர் இல்லாத நிலையில் ஆட்டக்காரர்கள் வெற்றுடம்பில் ஜெர்சியைப் பெயின்ட்டால் வரைந்துகொண்டு மைதானத்துக்குள் நடந்து வந்தார்கள். உலகம் முழுக்க அந்தப் படம் சுற்றியது, சிரித்தார்கள். அந்த சீசனில் அதே அணி லீகில் இரண்டாம் இடம் பிடித்தது என்பதை யாரும் கவனிக்கவில்லை. எனக்கு இந்தக் கதையிலேயே மனசில் நிற்பது அந்த இரண்டாம் இடம்தான். சம்பளம் ஒழுங்காக வராத பசங்க அது.

2016ல் முதல் டிவிஷனில் ஆட லைசென்ஸ் மறுக்கப்பட்டது. இரண்டாம் டிவிஷனில் ஒரு வருஷம் ஆடினார்கள். டிசம்பரில் திவால். தாமதிக்காமல் பணம் கட்டுகிறவருக்கான தள்ளுபடியைப் பெயராக வைத்த கிளப், பணம் கட்ட முடியாமல் மூடப்பட்டது.

எதிரிகள் மட்டும் நல்லா இருந்தார்களா என்றால் அதுவும் இல்லை. லியெபாயா உருக்காலை 2013ல் திவாலானது, கூடவே மெடலுர்க்ஸ் அணியும் போனது. அந்த ஊரில் புதுசாக ஒரு கிளப் தொடங்கி 2015ல் பட்டமே வாங்கிவிட்டார்கள். ஸ்கோன்டோவுக்குப் பிறகு ஆறு பட்டம் வாங்கிய வென்ட்ஸ்பில்ஸ் கிளப்பை, நடுவருக்கு லஞ்சம் கொடுக்க முயன்ற விவகாரத்தில் 2021ல் யூஃபா ஏழு வருஷத்துக்குத் தடை செய்தது. அதுவும் கலைந்தது. 2005க்கு முன் பின்னாக லாட்விய லீகில் முதல் மூன்று இடங்களுக்கு மோதிக்கொண்ட மூன்று கிளப்புகளில் இன்று ஒன்றுகூட இல்லை.

14 என்ற எண்ணை 2016ல் ஜிப்ரால்டரின் லிங்கன் ரெட் இம்ப்ஸ் எட்டிப் பிடித்தது, 2025ல் பல்கேரியாவின் லுடோகொரெட்ஸும் தொட்டுவிட்டது. ரீகாவில் ஸ்கோன்டோ ஸ்டேடியம் அதே பெயரோடு அதே இடத்தில் இருக்கிறது, சுமார் 8,000 பேர் உட்காரலாம். இப்போது அங்கே ரீகா எஃப்.சி. ஆடுகிறது.