கட்டிலடியில் வெடித்த பாட்டில்!

சகோதரிகளே, சர்க்கரையும் ஈஸ்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சிதம்பரத்தில் என் மகள் வீட்டுக் கட்டிலடியில் தெரிந்துகொண்டேன். "பீர் சமாசாரம் நமக்கெதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். குழந்தை இருக்கும் வீட்டுக்கு இது அவசியமான விஷயம்.

போன கோடையில் கடலூரிலிருந்து மகளைப் பார்க்கப் போயிருந்தேன். உச்சி வேளை. மூன்று வயதுப் பேத்தி கட்டிலுக்குப் பக்கத்தில் பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். திடீரென்று எழுந்து, "பாட்டி, தண்ணி" என்று சமையலறைக்கு வந்தாள். டம்ளரை அவள் கையில் கொடுக்கிறேன், உள்ளே "டமார்" என்று ஒரு சத்தம்! ஓடிப் பார்த்தால் பாய் முழுக்கக் கண்ணாடித் துண்டு. குழந்தை தலை வைத்திருந்த தலையணையில் ஒரு சில்லு குத்திக்கொண்டு நின்றது. அறையெல்லாம் புளித்த வாடை.

மகள் அழுதுகொண்டே சொன்னாள்: "அவரோட சிநேகிதர் ஆஸ்திரேலியாவிலேர்ந்து ஒரு டின் கொண்டுவந்து குடுத்தாரும்மா. வீட்டிலேயே பீர் பண்றதாம். விளையாட்டா பண்ணிப் பார்த்தார்."

குனிந்து பார்த்தேன். இன்னும் 25 பாட்டில்களுக்கு மேல் வரிசையாக நின்றன!

மாப்பிள்ளையை மாமியார் என்னவென்று கேட்பது? வாயை மூடிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் வந்தவர் தலையணையைப் பார்த்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அத்தை, தப்பு என் மேலதான்" என்றார். பிறகு டின்னோடு வந்த தாளை எடுத்து வந்தார். இருவருமாகப் படித்தோம்.

டின்னில் இருப்பது முளைகட்டிய பார்லியைக் காய்ச்சிய மால்ட் பாகு. அதில் சுமார் ஒரு கிலோ சர்க்கரையும் தண்ணீரும் சேர்த்து 23 லிட்டராக்கி, ஈஸ்ட் தூவ வேண்டும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்கிறது. தின்ற சர்க்கரையில் ஏறக்குறைய பாதி சாராயச் சத்தாகவும், மறுபாதி கரியமில வாயுவாகவும் மாறுகிறது. ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய அரைக் கிலோ வாயு! நம் இட்லி மாவு பொங்குவதும் இதே வாயுவால்தான். அங்கே வேலை செய்வது பெரும்பாலும் பாக்டீரியா. ஆனால் மாவுப் பாத்திரத்தை நாம் இறுக்கி மூடுவதில்லை. பொங்கினால் மூடி தூக்கிக்கொள்ளும், அவ்வளவுதான்.

பாட்டிலில் அப்படி வழி ஏது? சர்க்கரை முழுதும் தீர்ந்த பிறகே அடைக்க வேண்டும். பால்காரர் பாலில் லாக்டோமீட்டர் போட்டுப் பார்ப்பதுபோல், இதற்கும் மிதக்கவிட்டுப் பார்க்கும் ஹைட்ரோமீட்டர் என்ற கருவி உண்டு. அடுத்தடுத்த நாட்களில் அளவு மாறாதிருந்தால்தான் புளித்து முடிந்தது என்று அர்த்தம். மாப்பிள்ளை நாலாம் நாள் நுரை அடங்கியதும் "ஆச்சு" என்று அடைத்துவிட்டார். போதாததற்கு, நுரைக்காக லிட்டருக்கு சுமார் 8 கிராம் சர்க்கரை போடச் சொன்னதற்கு, கைக்கு வந்தபடி அள்ளிப் போட்டிருக்கிறார். பாட்டில்களோ பழைய பேப்பர் கடையில் வாங்கியவை. அதற்குமேல் நம்ம ஊர் வெயில். சூட்டில் ஈஸ்ட் இன்னும் வேகமாக வேலை செய்யும்.

அன்றிரவு அந்த அறைக்குள் யாரும் போகவில்லை. விடியற்காலைக் குளிர்ச்சியில், மாப்பிள்ளை ஹெல்மெட்டும் தடித்த கையுறையும் மாட்டிக்கொண்டு, பாட்டில்கள் மேல் ஈரச் சாக்கைப் போர்த்தி, ஒவ்வொன்றாக மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாய் நெம்பிக் காற்றை விட்டு, சாக்கடையில் கொட்டினார்.

"இங்கிலாந்திலே 1963-லிருந்து வீட்டில் காய்ச்ச லைசென்ஸ் வேண்டாம் அத்தை. அமெரிக்காவிலும் 1978-ல் சட்டம் போட்டு அனுமதிச்சிட்டாங்க" என்றார் மாப்பிள்ளை. இருக்கலாம். ஆனால் இங்கே 1937-ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டப்படி, அனுமதியில்லாமல் மது தயாரிப்பதே குற்றம். சொந்த உபயோகத்துக்கு என்றாலும் தப்பிக்க முடியாது. பாண்டிச்சேரியிலிருந்து வரும் வண்டிகளை ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் நிறுத்திப் பார்ப்பதை தினம் பார்க்கும் கடலூர்க்காரி நான். என் மகள் வீட்டிலேயே இப்படியா!

"பண்ருட்டியில் 2001-லும், கள்ளக்குறிச்சியில் 2024-லும் அத்தனை பேர் செத்தார்களே, அந்த விஷமா இது?" என்று மகள் நடுங்கினாள். இல்லை. அங்கே உயிரைக் குடித்தது மெத்தனால் என்ற ஆலை ரசாயனம். அது கண்ணையும் உயிரையும் பறிக்கும். சர்க்கரையும் மால்ட்டும் புளிப்பதால் அந்த அளவு மெத்தனால் வராது. இதில் ஆபத்து வேறு: பாட்டில் வெடிப்பது, சட்டம், குழந்தை எடுத்துக் குடித்துவிடுவது. சிறு குழந்தைக்குக் கொஞ்சம் மது உள்ளே போனாலும் இரத்தத்தில் சர்க்கரை குறைந்து மயக்கம் வரும். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும்.

பீர் பண்ணாத வீட்டிலும் இந்தக் கவனம் வேண்டும். பதநீர், கரும்புச்சாறு, வீட்டில் பிழிந்த திராட்சை ரசம் எதையும் இறுக மூடி வெளியே வைக்காதீர்கள். அன்றன்றைக்கே தீர்த்துவிடுங்கள். பிளாஸ்டிக் பாட்டில் உப்பிக் கல்லாய் இறுகியிருந்தால், குழந்தைகளை அப்புறப்படுத்திவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு மெதுவாகத் திறங்கள்.

அந்தத் தலையணையை மகள் தூக்கி எறியப் போனாள். மாப்பிள்ளை விடவில்லை. கிழிந்த உறையோடு அலமாரி மேல் வைத்திருக்கிறார். நான் இன்றுவரை அவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்கவேண்டிய அவசியமும் இல்லை.